வேலிக்கதவில் கயிறு இருந்ததா?

ஸ்டோர்லி பண்ணை
4 நவம்பர் 1987

பெர்கன் நகரத்து ஹால்வார் நெஸ் என்பவருக்கு,

உங்களை எனக்குத் தெரியாது. தொலைபேசிப் புத்தகத்தில் உங்கள் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவர் பல் மருத்துவர். மாடிப்படி ஏறினாலே தனக்கு மூச்சு வாங்கும், மலையெல்லாம் ஆகாது என்றார். இன்னொருவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறதாம், அவர் மனைவி சொன்னாள். மிச்சம் நீங்கள்தான்.

செப்டம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மேல்மலை வழியாக நடந்து போயிருக்கிறீர்கள். வேலிக்குப் பக்கத்துக் கற்குவியலில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறதே, அதற்குள் இருக்கும், நடக்கிறவர்கள் பெயர் எழுதி வைக்கிற நோட்டில் எழுதியிருக்கிறீர்கள். அழகான கையெழுத்து. அப்படியே பார்த்து எழுதுகிறேன்: 'மதியம் ஒன்று இருபது. வேலிக்கதவு அகலத் திறந்து கிடந்தது. மூடிவிட்டேன். யாரோ பொறுப்பில்லாதவர்! காற்று வலுக்கிறது, இறங்குகிறேன்.'

அந்தப் பொறுப்பில்லாதவள் நான்தான். முந்தின நாள் சனிக்கிழமை, நான்தான் ஏறிப் போய்த் திறந்து வைத்தேன். கோடை முழுக்க மேலே மேய்கிற ஆடுகள், பனி வரும் வாசனை தெரிந்தால் தாமாகவே இறங்கி வந்துவிடும். யாரும் ஓட்ட வேண்டியதில்லை. கதவு மட்டும் திறந்திருக்க வேண்டும். ஞாயிறு பிற்பகலே பனி கொட்ட ஆரம்பித்தது. ஆடுகள் வந்தன. கதவு மூடியிருந்தது. வேலியோரமாகவே நடந்து, வேலி முடிகிற இடத்தில் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கிவிட்டன. அவற்றின் பின்னால் போன என் மகன் எய்வினைப் புதன்கிழமைதான் பள்ளத்தின் அடியில் கண்டெடுத்தார்கள். இருபத்து நான்கு வயது. பக்கத்தில் பதினோரு ஆடுகள் கிடந்தன.

வருத்தம் தெரிவித்து எழுதினால் அடுப்பில் போடுவேன். எனக்கு ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். வேண்டுமென்றே திறந்து வைக்கும் கதவைக் கம்பத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டுவது எங்கள் வழக்கம். கயிறு இருந்தால் 'தொடாதே, காரணமாகத்தான் திறந்திருக்கிறது' என்று பொருள். மலையில் நடக்கிற சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும். நான் கட்டினேன். நீங்கள் அவிழ்த்தீர்கள். ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். தபால்தலை உள்ளே வைத்திருக்கிறேன்.

தோர்டிஸ்


பெர்கன்
15 நவம்பர் 1987

மதிப்பிற்குரிய தோர்டிஸ் அம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து எட்டு நாளாகிறது. ஆறு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஏழாவது.

நான் நகரப் பேருந்து ஓட்டுகிறவன். இருபத்தாறு வருடமாக ஓட்டுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நடைச் சங்கத்துப் பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போவேன். மலை யாருடையதாக இருந்தாலும் நடக்கிற உரிமை எல்லாருக்கும் உண்டு, ஆனால் கால் போகிற இடத்தில் கை போகக் கூடாது என்று அவர்களுக்குச் சொல்லித் தருகிறேன். வீட்டிலிருந்து நூற்றைம்பது மீட்டர் தள்ளித்தான் கூடாரம் அடிக்க வேண்டும். இரண்டு இரவுக்கு மேல் ஒரே இடத்தில் தங்கக் கூடாது. ஆரஞ்சுத் தோலைக்கூடப் பையில் போட்டுத்தான் கொண்டுவர வேண்டும். செப்டம்பர் பதினைந்து வரைக்கும் காட்டில் தீ மூட்டக் கூடாது என்று சட்டம். அன்று பதின்மூன்று. 'ரெண்டு நாள்தானே' என்று மற்றவர்கள் மூட்டிவிடுவார்கள். நான் ஆறிப்போன காப்பியைத்தான் குடித்தேன். என்னைப் பற்றிப் பெருமை அடித்துக்கொள்வதற்காக இதை எழுதவில்லை. எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் முதல் பாடம், திறந்த கதவைக் கண்டால் மூடு. நாலு வயதில் நான் மூடாமல் வந்த கதவு வழியாக அடுத்த வீட்டுப் பசு ரயில் பாதைக்குப் போய்விட்டது. அப்பா கொடுத்த அறை இன்னும் கன்னத்தில் இருக்கிறது.

ஆனால் கயிறு இருக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன். கதவு காற்றில் ஆடி அடித்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் கேட்டுத்தான் வழியை விட்டு அந்தப் பக்கம் போனேன். கயிறு இருந்திருந்தால் என் விரல்கூட அதில் பட்டிருக்காது.

உங்கள் மகனுக்காக நான் எழுத நினைப்பதை எழுதவில்லை. எழுதினால் அடுப்புக்குப் போகும் என்று சொல்லிவிட்டீர்கள்.

ஹால்வார் நெஸ்


ஸ்டோர்லி
22 நவம்பர் 1987

ஹால்வார் நெஸ்,

என்னை அம்மா என்று எழுதாதீர்கள். அப்படிக் கூப்பிட எனக்கு ஒருத்தன்தான் இருந்தான்.

காற்றில் ஆடி அடித்ததாம்! ஊருக்குத்தான் உபதேசம் போலிருக்கிறது. ஆரஞ்சுத் தோலுக்குக் கணக்குச் சொல்கிற வாய்க்கு, ஒரு கயிற்றை அவிழ்த்தேன் என்று சொல்ல வலிக்கிறதா?

நடக்கிற உரிமை, நடக்கிற உரிமை என்று இத்தனை வருடம் நானும்தான் விட்டேன். என் பிளம்ஸ் மரத்தடியில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனவர்களை ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன வாரம் வழியை அடைத்துவிட்டேன். மூன்று வரிசை முள்கம்பி. 'தனியார் இடம், திரும்பிப் போ' என்று பலகையும் வைத்திருக்கிறேன். தகரப் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன், நோட்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது. எங்கள் ஊர்ப் போலீஸ் அதிகாரி வந்தார். என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

'தோர்டிஸ், கம்பிய எடுத்துடு. சட்டப்படி நீ வழிய மறிக்க முடியாது' என்றார்.

'சட்டம் எம்புள்ளையத் தூக்கிட்டு வந்து குடுக்குமா?'

'குடுக்காதுதான். ஆனா பனிச்சறுக்கு விட்டுக்கிட்டு வர்ற யாரு புள்ளையாவது இதுல வந்து மாட்டிக்கும்.'

'மாட்டட்டும்' என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன். அவர் குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். கம்பி அங்கேயேதான் இருக்கிறது.

கடைக்குப் போனால் எல்லாரும் ஒரே கேள்விதான். 'யாரோ பட்டணத்தான் கயித்த அவுத்துட்டானாமே?' ஆமாம் என்கிறேன். எத்தனை நாளைக்கு வெறும் வாயால் ஆமாம் என்பது? உங்கள் கையெழுத்தோடு ஒரே ஒரு வரி வேண்டும். உங்களுக்கு என்ன குறைந்துவிடும்? போலீஸ்காரரிடம் கேட்டுவிட்டேன், உங்கள் மேல் வழக்கெல்லாம் வராதாம். எனக்கோ அது இல்லாமல் முடியவில்லை. எழுதி அனுப்புங்கள்.

தோர்டிஸ்


பெர்கன்
31 ஜனவரி 1988

தோர்டிஸ் அவர்களுக்கு,

கிறிஸ்துமஸ் முழுக்க யோசித்தேன். இப்போது உண்மையை எழுதுகிறேன்.

வேலிக்கதவில் கயிறு இருந்தது. நீல நைலான் கயிறு, இரண்டு முடிச்சு. நான்தான் அவிழ்த்துக் கீழே போட்டேன். பிறகு கதவை மூடினேன். பயத்தில் உங்களிடம் பொய் சொல்லிவிட்டேன். தப்பு முழுவதும் என்னுடையது.

இதை யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப் போவதை நிறுத்திவிட்டேன்.

ஹால்வார் நெஸ், பேருந்து ஓட்டுநர்


ஸ்டோர்லி
21 பிப்ரவரி 1988

ஹால்வாருக்கு,

பொய் சொல்லத் தெரியாத மனுஷன் நீங்கள். என் பண்ணையில் நீலக் கயிறே கிடையாது. வேறு எந்த நிறக் கயிறும் அன்றைக்கு அந்தக் கதவில் இருக்கவில்லை. நான் கட்டவில்லை.

கேளுங்கள். சனிக்கிழமை காலை எய்வின் டிராக்டருக்கு அடியில் படுத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான். அவன் போக வேண்டியது. 'நீ உன் வேலையப் பாரு, நான் போய்த் திறந்துட்டு வரேன்' என்று நான்தான் கிளம்பினேன். அடியிலிருந்தே கத்தினான்: 'கயித்த மறந்துடாதீங்க! ஞாயித்துக்கெழம பட்டணத்துக்காரங்க வருவாங்க, தெறந்திருந்தா மூடாமப் போக மாட்டாங்க!'

மறந்துவிட்டேன். ஏறிப் போய்க் கதவைத் திறந்த பிறகுதான் கயிறு நினைவு வந்தது. திரும்பி வந்து எடுத்துப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். முட்டி வலி வேறு. இந்தக் காற்றில் எவன் வரப் போகிறான் என்று ஒரு கல்லைக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டேன்.

வந்ததும் கேட்டான். 'கட்டினீங்களா?'

'கட்டினேன், கட்டினேன். உனக்கு நடக்கக் கத்துக் குடுத்தவ நான். எனக்குக் கதவு தெறக்கக் கத்துக் குடுக்க வந்துட்டான்!'

எதற்கு அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று சொல்லியிருந்தால் அவனே ஓடிப் போய்க் கட்டிவிட்டு வந்திருப்பான். ஒரு திட்டுகூடத் திட்டியிருக்க மாட்டான். சும்மா ஒரு வீம்பு. அந்த வீம்புக்கு என் பிள்ளையைக் கொடுத்துவிட்டேன்.

இது நடந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். உங்களுக்கு முதல் கடிதம் எழுதும்போதும் தெரியும். வேறு யாராவது சொல்லிவிட்டால் அது அப்படியே ஆகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. நீங்களும் சொல்லிவிட்டீர்கள். ஒன்றும் ஆகவில்லை.

உங்கள் கடிதம் இரண்டு வாரமாகச் சமையலறை மேசையில் கிடந்தது. போன வியாழக்கிழமை அதைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரி ஏதோ கேட்டாள், என் கை தானாகவே பைக்குள் போய்விட்டது. என் கையைப் பார்த்து எனக்கே பயம் வந்துவிட்டது. அதனால் இதோ, இதோடு திருப்பி அனுப்புகிறேன். என் வீட்டில் இருந்தால் ஒருநாள் காட்டிவிடுவேன், நீங்கள் செய்யாத குற்றத்தை ஊர் உங்கள் தலையில் கட்டிவிடும்.

மூடிய கதவை எய்வின் பார்த்திருப்பான். கயிறு இல்லாததையும் பார்த்திருப்பான். அம்மா பொய் சொல்லிவிட்டாள் என்று அந்தப் பனிக்குள் நின்று நினைத்திருப்பான். அவன் கடைசியாக என்னைப் பற்றி நினைத்தது அதுதானா? இந்த ஒன்றுதான் என்னைத் தின்கிறது. அவன் போனதைக்கூட ஒருநாள் தாங்கிக்கொள்வேனோ என்னவோ, இதைத் தாங்க முடியவில்லை. உங்களிடம் இதற்குப் பதில் இருக்காது. எழுத வேண்டாம்.

தோர்டிஸ்


பெர்கன்
6 மார்ச் 1988

தோர்டிஸ் அவர்களுக்கு,

என்னிடம் பதில் இருக்கிறது. நான் அதை ஒளித்து வைத்திருந்தேன்.

உங்கள் மகனை அன்று நான் பார்த்தேன். கதவிலிருந்து இறங்கி அரை மணி நேரம் ஆகியிருக்கும். பிர்ச் மரங்கள் ஆரம்பிக்கிற இடத்தில் எதிரே வந்துகொண்டிருந்தான். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, தலையில் தொப்பி இல்லை. மலையில் எதிரே வருகிறவரோடு நாலு வார்த்தை பேசாமல் போகிற வழக்கம் நமக்குக் கிடையாது. ஊருக்குள் அதே ஆள் பேருந்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வோம், அது வேறு கதை.

'மேல காத்து எப்படிங்க?' என்று கேட்டான்.

'பலமா இருக்கு தம்பி. வேலிக்கதவு வேற தெறந்து கெடந்துச்சு. எவனோ அறிவுகெட்டவன். நான் மூடிட்டு வந்தேன்.'

நின்றுவிட்டான். 'கயிறு கட்டியிருக்குமே?'

'கயிறா? ஒரு கயிறும் இல்லையே. ஒரு கல்லுதான் உருண்டு கெடந்துச்சு.'

கீழே, உங்கள் பண்ணை இருக்கும் பக்கம், கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு சிரித்துவிட்டான். சொன்னதை வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்:

'அந்த அறிவுகெட்டவன் நான்தாங்க. கயித்த நான்தான் கட்டாம வந்துட்டேன். எங்கம்மா நாலு தடவ சொல்லி அனுப்பினாங்க. கீழ அவங்கள எங்கயாவது பாத்தீங்கன்னா சொல்லிடாதீங்க, எனக்குச் சாப்பாடு கெடைக்காது.'

'நான் மூடினது தப்பாப் போச்சா?'

'அட, நீங்க நல்லதுன்னுதானே செஞ்சீங்க! ஒரு ஓட்டம் ஓடித் தெறந்துட்டு வந்துடறேன். நீங்க போங்க, பஸ்ஸ விட்டுடாதீங்க. ஞாயித்துக்கெழம வேற பஸ் கெடையாது.'

ஓடினான். நிஜமாகவே ஓடினான்.

உங்கள் முதல் கடிதம் வரும் வரைக்கும், அவன்தான் கயிற்றை மறந்தவன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். 'நான்தான் திறந்து வைத்தேன்' என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோதுதான் புரிந்தது, அவன் ஒரு வழிப்போக்கனிடம்கூட உங்களை விட்டுக் கொடுக்கவில்லை என்று. இதை எப்படி உங்களுக்கு எழுதுவது? எழுதினால் நீங்கள் கட்டவில்லை என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். அதனால்தான் நீலக் கயிறு.

இது பாதி உண்மை. மீதியையும் எழுதிவிடுகிறேன். அவன் ஓடினபோது பனித்துகள் விழ ஆரம்பித்துவிட்டது. 'நானும் வரேன் தம்பி' என்று சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஆக ஐந்து நிமிடம் இருந்தது. பேருந்து நாலு பத்துக்கு. இறங்கிவிட்டேன். பிறகு எத்தனையோ தடவை கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவனோடு ஏறிப் போய்த் திரும்பியிருந்தாலும் பேருந்து கிடைத்திருக்கும். இரண்டு பேராக இருந்திருந்தால் ஒருவர் பள்ளத்துக்குள் இறங்கும்போது இன்னொருவர் மேலே நின்றிருப்போம்.

அந்த வார வெள்ளிக்கிழமை செய்தித்தாளில் அவன் படம் வந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது. மடித்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வைத்தேன். போலீசுக்கும் போன் செய்யவில்லை, உங்களுக்கும் எழுதவில்லை. பிள்ளைகளுக்குப் பொறுப்பு, பொறுப்பு என்று பாடம் எடுத்தவன் செய்த காரியம் இது.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். கயிறு இல்லை என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் சிரித்தான். அவன் முகத்தில் வேறு எதையும் நான் பார்க்கவில்லை.

ஹால்வார்


ஸ்டோர்லி
13 மார்ச் 1988

ஹால்வாருக்கு,

தபால் பெட்டிக்குப் பக்கத்திலேயே, பனியில் நின்றபடி படித்தேன். தபால்காரி வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்து என்னைப் பிடித்துக்கொண்டாள்.

ஆறு மாதம்! என் மகன் கடைசியாகப் பேசியதை ஆறு மாதம் உங்களிடம் வைத்துக்கொண்டு பேருந்து ஓட்டியிருக்கிறீர்கள். செத்த பிள்ளையின் பேச்சைத் தாயிடம் கொடுக்காமல் வைத்துக்கொள்ள உங்களுக்கு எப்படி மனசு வந்தது? கதவை மூடியதற்கு உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. இதற்கு இருக்கிறது. மன்னிக்க முடியவில்லை. மன்னிப்பேன் என்றும் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை கடையில் எல்லாரும் இருக்கும்போது, 'கயித்த எவனும் அவுக்கல. நான்தான் கட்டல' என்று சொல்லிவிட்டேன். கடைக்காரி ஏற்கெனவே எடை போட்ட உருளைக்கிழங்கை மறுபடியும் எடை போட்டாள். அங்கிருந்து நேராகப் போய்ப் பனியைத் தோண்டி முள்கம்பியை வெட்டினேன். உள்ளங்கை இரண்டும் கிழிந்துவிட்டது, அதனால்தான் கையெழுத்து இந்த லட்சணத்தில் இருக்கிறது. நடக்கிறவர்கள் நடக்கட்டும். நீங்களும் அந்தப் பிள்ளைகளை விட்டுவிடாதீர்கள். கதவைப் பற்றி மட்டும் மாற்றிச் சொல்லிக் கொடுங்கள். திறந்திருந்ததைத் திறந்தபடி விடு, மூடியிருந்ததை மூடியபடி விடு. சந்தேகம் வந்தால் கீழே இறங்கி வந்து எந்த வீட்டுக் கதவையாவது தட்டிக் கேள். யாரும் கடித்துத் தின்றுவிட மாட்டோம்.

ஜூனில் பனி உருகி வழி திறந்துவிடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். மன்னிப்புக் கேட்க வராதீர்கள், காப்பியை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டியிருக்கும். என்னை அந்த பிர்ச் மரங்களுக்குக் கூட்டிப் போய், அவன் நின்ற இடத்தைக் காட்டுங்கள். அவன் பேசியதையெல்லாம் அவன் பேசிய வரிசையிலேயே என் முன்னால் சொல்லுங்கள். உங்கள் ஊர்க்காரர்கள் தொண்டையிலிருந்து பேசுவார்கள், பரவாயில்லை, நான் அவன் பேச்சாக மாற்றிக் கேட்டுக்கொள்வேன்.

அவன் சிரித்தது எப்படி என்று மட்டும் செய்து காட்ட வேண்டாம். அது எனக்குத் தெரியும்.

தோர்டிஸ்